நான் நீலம் பூசிய ஊர்

நாலு வருடங்களுக்கு முன்னர் ஒரு கார்த்திகை மாதம். அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். பூமி சூடாகிறது, கடல் மட்டம் உயர்கிறது, மழை காலம் தப்பிப் பெய்கிறது என்பதையெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சனங்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் என் வேலை.

உண்மையைச் சொன்னால், யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கூட்டத்துக்கு வருவார்கள், தேத்தண்ணியும் ரோல்சும் வரும்வரை பொறுமையாக இருப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். துருவத்தில் பனி உருகுகிற படத்தைக் காட்டினால் யாருக்கோ எங்கேயோ நடப்பதுபோலப் பார்ப்பார்கள். அது எனக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது.

அதனால் வடமராட்சி கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்குப் போக வேண்டி வந்தபோது, அந்த ஊரின் வரைபடத்தையே எடுத்தேன். கடல் உயர்ந்தால் தண்ணீர் எதுவரை வரக்கூடும் என்று பார்த்து நீலம் பூசினேன். கோயில், பள்ளிக்கூடம், வீடுகள் எல்லாம் நீலத்துக்குள் போயின. அப்படி நடப்பதென்றாலும் அதற்குப் பல பத்து வருடங்கள் ஆகும் என்பதைக் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன்.

சனசமூக நிலையத்துச் சுவரில் புரொஜெக்டர் வழியாக அந்தப் படம் விழுந்ததும் மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. ஒருவர் எழும்பி வந்து தன் வீடு இருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். சிலர் போனில் படம் எடுத்தார்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பாதியிலேயே எழும்பிப் போனார். வீட்டில் ஏதும் வேலை இருக்கும் என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமைதான். இன்றைக்குத்தான் சனம் உண்மையாகக் கேட்டது என்று சந்தோசப்பட்டேன்.

அடுத்த நாள் காலை பத்து மணி இருக்கும். அந்த ஊர் மாதர் சங்கத் தலைவி அழைத்தார். குரலே சரியில்லை. என் படத்தின் மூலையை யாரோ வெட்டிவிட்டு வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். தாழமுக்கம் ஒன்று உருவாகிக் காற்றும் மழையும் வரப்போவதாக வானொலியும் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து, இந்தக் கிழமையே கடல் ஊருக்குள் வரப்போகிறது என்று கதை பரவி, சிலர் சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்களாம். பாதியில் எழும்பிப் போன அந்தப் பெண் காலை எட்டு மணிபோல மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாராம். எங்கே என்று யாருக்கும் தெரியாது. போன் வேலை செய்யவில்லை. கணவர் மன்னாரில் தொழிலுக்கு நிற்கிறார்.

"அவவின்ரை மூத்த பிள்ளையைச் சுனாமி கொண்டு போனது, மிஸ். உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டார். "எனக்கென்னவோ பயமாக்கிடக்கு."

அந்த ஊருக்குப் போக முன்னர் நான் கடற்கரையின் உயரத்தை விசாரித்திருந்தேன், அலையின் போக்கை விசாரித்திருந்தேன். அங்கே இருக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அந்தப் பெண் எந்த நிலைமையில் போயிருப்பார் என்று யோசிக்க யோசிக்க மனம் கிணறு, கடல் என்று கண்ட கண்ட இடத்துக்கெல்லாம் ஓடியது.

அரை மணித்தியாலத்தில் தலைவி மறுபடி அழைத்தார். மகள் தன் பள்ளிக்கூடச் சிநேகிதியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மலை இருக்கிற ஊருக்கு அம்மா கூட்டிக்கொண்டு போகிறாவாம்.

எங்கள் பக்கத்தில் மலை ஏது? மலைக்குத் தெற்கே கண்டிப் பக்கம் போக வேண்டும் என்றால் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குத்தான் வரவேண்டும். அது எங்கள் அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிட நடை. குடையைக்கூட எடுக்காமல் மழைக்குள் ஓடினேன். கண்டி பஸ் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது என்று அங்கிருந்த கடைக்காரர் ஒருவர் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. அடுத்தது இயந்திரத்தை ஓட விட்டபடி நின்றது. ஏறிப் பார்த்தேன். பின்பக்கத்து இருக்கையில் அந்தப் பெண் இருந்தார். பக்கத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மகள். மடியில் வாய் திறந்த ஒரு பை. அதற்குள் காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், வழியில் சாப்பிட ஒரு இறாத்தல் பாண். போரில் இடம்பெயர்ந்து பழகிய சனம் முதலில் எதை எடுக்கும் என்று எனக்கும் தெரியும்.

என்னைக் கண்டதும் அவர் கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்:

"கண்டிக்குக் கடல் வராதுதானே, மிஸ்?"

அவருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கிழமை இல்லை, இந்த வருடம் இல்லை, சுனாமி மாதிரி ஒரே நாளில் வருவதும் இல்லை. கடல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். படத்தின் மூலையில் எழுதியும் இருந்தேன் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

"கடைசி வாங்கிலை இருந்த எனக்கு அது எப்பிடித் தெரியும்? நீங்கள் வாயாலை சொல்லேல்லையே."

நடத்துனர் வந்து, போவதா இறங்குவதா என்று கேட்டார். தாய் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடைசியில் மகள்தான் எழும்பினாள்.

அன்றைக்கே அவர்களோடு அந்த ஊருக்குப் போனேன். பின்னேரம் சனசமூக நிலையத்தில் சனம் கூடியது. இந்த முறை படம் இல்லை. நான் செய்தது பிழை என்று எழுந்து நின்று சொன்னேன். நன்றாக ஏச்சு வாங்கினேன். ஏசி முடிந்த பிறகு கேள்விகள் வந்தன. கிணற்றுத் தண்ணீர் ஏன் முந்தியைவிட உவர்க்கிறது, கரையில் தாழை நட்டால் மண் நிற்குமா, மீன் ஏன் தூரத்துக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு கேள்வி எனக்கு எந்த ஊரிலும் வந்ததில்லை.

கடைசியாக அந்தப் பெண் எழும்பினார். "என்ரை மகளின்ரை பிள்ளையள் இந்த ஊரிலை இருப்பினமோ?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "தெரியாது, அக்கா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்த மாரிக்குக் கரையில் தாழை நட்டவர்களில் அவரும் ஒருவர்.

இன்றைக்கும் ஒரு கூட்டத்தில் பேச எழும்பினால் என் நெஞ்சு படபடக்கும். முன்னால் இருக்கிறவர்கள் எதை எதை ஏற்கெனவே பறிகொடுத்துவிட்டு வந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் படபடப்பு என்னை விட்டுப் போய்விடக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.