பின்சில்லுக்குச் சங்கிலி போட்டவன்

வாகனம் என்று ஒன்று இருந்தால் அதன் நோய் வருத்தம் எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தது என் முதல் முட்டாள்தனம். நல்லாயிருந்த வாகனத்துக்கு நானே வருத்தத்தை உண்டாக்கியது இரண்டாவது. மூன்றாவதை என் மனைவி சொல்லுவாள்; அதை நான் எழுதப்போவதில்லை.

கடல் ஊருக்குள் வந்துபோய்ச் சில கிழமைகள் ஆகியிருந்தன. நிந்தவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். என் ராத்தாவின் கணவரைக் கடல் கொண்டுபோயிற்று. என்னுடன் பிறந்த மூத்தவளான அவள், வகுப்பறை மூலையில் சேலையைத் திரையாகக் கட்டி இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. தகரம் கிழித்த அவளுடைய கால் சீழ்பிடித்து வீங்கியிருந்தது.

ஒருநாள் காலையில் வெளிநாட்டு டொக்டரம்மா ஒருவர் வந்து பார்த்தார். அன்றைக்கே வெட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்றார். அதற்கான மேசையும் வெளிச்சமும் அவருடைய வண்டிக்குள்தான். வண்டியோ பெரிய ரோட்டில் நின்றது. மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடும்.

"மருந்துக்காகப் போறதுல குற்றமில்ல" என்று மௌலவி திரைக்கு வெளியே நின்று சொல்லியும் ராத்தா அசையவில்லை. "கால் போனாலும் ரோட்டுக்கு வரமாட்டன். வண்டி வாசலுக்கு வந்தா ஏறுறன்" என்றாள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணக்கார வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றுவதற்கென்று செய்த வீட்டு பஸ் அது. யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்ததை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். உள்ளே குளியலறை, தோல் கதிரை, கேக் சுடும் அடுப்பு. வீடு போன நாங்கள் சில்லு வைத்த வீட்டை வாய் பிளந்து பார்த்தோம். அதை ஓட்டிவந்த வெள்ளைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்கட்டிலில் கிடந்தான். முதல்நாள் அவனுக்கு மாட்டிறைச்சிக் கறியை அள்ளி அள்ளி வைத்தவன் நான்தான். இரண்டு மணித்தியாலம் பொறு, நானே எடுக்கிறேன் என்று விரலால் காட்டினான்.

நானா பொறுப்பேன்? லொறி ஓட்டுகிற லைசன்ஸை டொக்டரம்மாவிடம் நீட்டித் திறப்பை வாங்கி வண்டியைக் கிளப்பினேன்.

காரைதீவுக் கூட்டாளி ஒருவன் பின்னால் சைக்கிளில் வந்தான். நாவிதன்வெளி வயல்களில் என்னோடு உழவு மெசின் ஓட்டியவன். ஒரு வளைவு தாண்டியதும் கத்தினான்.

"மச்சான், நிப்பாட்டு! கடைசிச் சில்லு தன்ட பாட்டுக்குத் திரும்புது!"

இறங்கிப் பார்த்தேன். முன்சில்லு வலப்பக்கம் பார்க்க, கடைசி அச்சின் சில்லு இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அச்சு கழண்டுட்டு" என்றேன், பெரிய டொக்டர் மாதிரி.

"ஓம், கழண்டுதான் போச்சு" என்றான் அவன்.

வயலில் உழவு மெசின் இழுக்கும் பெட்டியின் சில்லு ஆடினால் சங்கிலியால் இறுக்கிக் கட்டி வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் எங்கள் வழக்கம். அதையே செய்தோம். கடைசிச் சில்லு அசையாமல் நேரே நின்றது. இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டோம்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுகிய ஒழுங்கைக்குள் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. டயர் அலறிப் புகைந்தது. மூக்கு ஒரு வீட்டுக் கிணற்றைப் பார்த்துப் போயிற்று. பின்னால் எடுத்து மறுபடி திருப்பினேன். அதே கிணறு. மூன்றாம் முறை பெரிய ரோட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டோம். கல்முனை பஸ்ஸும் அக்கரைப்பற்று பஸ்ஸும் இரண்டு பக்கமும் நின்று ஹோன் அடித்தன. "வீட்டை ரோட்டிலயா கட்டப்போறாய்?" என்று ஒரு கொண்டக்டர் கேட்டான்.

வெள்ளைக்காரன் வயிற்றைப் பிடித்தபடி இறங்கினான். சங்கிலியைக் கண்டான். அவன் சொன்னது எனக்கு விளங்கவில்லை, விளங்காததும் நல்லதுதான். பிறகு ஒரு குச்சியால் மணலில் கீறிக் காட்டினான். இவ்வளவு நீள வண்டி சின்ன இடத்தில் திரும்ப வேண்டுமென்றால் முன்சில்லு ஒரு பக்கமும் கடைசிச் சில்லு மறுபக்கமும் திரும்ப வேண்டும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

நாங்கள் இழுத்த இழுப்பில் சங்கிலி இறுகிப்போய், அதை இரும்பு அறுக்கும் வாளால் அறுக்கவே பகல் ளுஹர் தொழுகை முடிந்துவிட்டது. வெள்ளைக்காரன் திறப்பைக் கேட்டான். நிமிர்ந்து நிற்கவே முடியாதவனிடம் எப்படிக் கொடுப்பது? கட்டினவன் நான், கொண்டுபோய்ச் சேர்ப்பவனும் நானே என்று ஏறி உட்கார்ந்தேன். அவன் குனிந்தபடியே என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அமுக்கினால் நிறுத்த வேண்டும். வால் வெளியே வீசும் பக்கத்தில் ஒரு வீட்டுத் தகர வேலி. வீட்டுக்காரரே அதைக் கழற்றித் தந்தார். கூட்டாளி பின்னால் நடந்து, "இன்னும் ஒரு சாண்! நில்லு! இப்ப வா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். சாண் சாணாக, வியர்வை கண்ணுக்குள் இறங்க, பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் வகுப்பறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஆண்கள் எல்லாரும் விலகிப் போனார்கள். பெண்கள் சேலை பிடிக்க ராத்தா ஏறினாள். நீண்ட நேரத்துக்குப் பிறகு டொக்டரம்மா வெளியே வந்து, கால் தப்பிவிட்டது என்று சைகையால் சொன்னார்.

நான் கதவடிக்கு ஓடினேன். "ராத்தா, உங்கட காலைக் காப்பாத்தினது ஆரு?"

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீ குறுக்க வராட்டி வெள்ளைக்காரனே வண்டியக் கொண்டுவந்து, ளுஹருக்கே வைத்தியம் முடிஞ்சிருக்கும்."