மூன்று பக்கம் வேலி, ஒரு பக்கம் சுவர்

சிறுசேரியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு எங்களை ஏற்றிப்போகும் வேனின் ஓட்டுநர், ஒரு நாள் காலை என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"மேடம், லீவு நாள்ல ஊரு ஊரா போய் நெலம் பாக்குறீங்களாமே? புரோக்கர் வேலையா?"

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விளக்கினேன். நாங்கள் சில பேர் சேர்ந்து, சொந்த நிலத்தில் குட்டையோ புதர்க்காடோ இருப்பவர்களைத் தேடிப் போவோம். அதை அழிக்காமல் வைத்துக்கொள்ள என்ன வழி என்று பேசுவோம். வீட்டை எந்த மூலையில் கட்டலாம், வேலி எப்படிப் போடலாம் என்று கூட இருந்து பார்ப்போம்.

"அப்ப எங்க நெலத்தையும் வந்து பாருங்க. இப்பதான் வாங்கிகீறோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். திருப்போரூரைத் தாண்டி, மனைப்பிரிவுக் கொடிகள் வரிசையாக நட்டிருந்த சாலையை ஒட்டி இருந்தது அந்த நிலம். அவர் மனைவியும் வந்திருந்தார். அந்த அம்மா செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் ஆயா வேலை பார்ப்பவர். இரவு டியூட்டி முடித்து நேராக அங்கே வந்துவிட்டார்.

சாலையோரம் நிலம் மேடாக இருந்தது. பின்னால் சரிந்துபோய் ஒரு குட்டையில் முடிந்தது. குட்டையைச் சுற்றிக் களா, சூரை, காரை என்று முட்புதர்கள் ஆள் நுழைய முடியாதபடி பின்னிக்கொண்டு நின்றன. உள்ளே ஏதோ சரசரவென்று ஓடியது. சுற்றுவட்டாரம் முழுக்க மண் தட்டி மனையாகிவிட்ட இடத்தில் இப்படி ஒரு புதர்க்காடு மிச்சம் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை.

"அண்ணா, இதை ஒண்ணுமே செய்யாதீங்க. அப்படியே விட்டுடுங்க."

அவர் முகம் சுருங்கியது. ஜேசிபியை எந்தப் பக்கம் இருந்து விடலாம், சுத்தம் செய்தபின் என்ன மரம் வைக்கலாம் என்று கேட்கத்தான் என்னை அழைத்திருந்தார்.

"அப்படியே வுடறதா?" என்றார். "எங்க நைனா காலம் பூரா எவன் நெலத்துலயோ ஏரு ஓட்டுனாரு மேடம். சாவச்சொல்ல அவரு பேர்ல ஒரு புடி மண்ணு இல்ல. எங்க வூட்ல நெலம்னு வாங்குன மொத ஆளு நானு. சுத்தி செவுரு எழுப்பி தென்ன வச்சாதான் இது நம்மளுதுன்னு ஊரு ஒத்துக்கும். புதரா வுட்டா இன்னா சொல்வான்? இவனுக்கு நெலத்த வச்சிக்கத் தெரிலம்பான்."

அதுவரை நான் பேசியவர்கள் பல தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்கள். ஒரு மூலையைக் காடாக விடுவது அவர்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இவரிடம் நான் கேட்டது ரொம்பப் பெரிய விஷயம். மறுநாள் வேனில் அவர் என்னிடம் பேசவில்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் ஜேசிபி இறங்க முடியாமல் வேலை தள்ளிப்போனது. ஒரு நாள் மத்தியானம் எனக்கு ஃபோன் வந்தது.

"வேன் ஓட்டுறவரு சம்சாரம் பேசுறேம்மா. நெலத்தாண்ட வந்து குந்திகினு கீறேன். கறுப்பா, கோழிக்குஞ்சு மாதிரி இன்னாமோ தண்ணியில போவுது. தாய்க்கு மட்டும் நெஞ்சு வெள்ளையா கீது."

"கானாங்கோழிம்மா அது" என்றேன்.

வேலை இல்லாத நாட்களில் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னார். "ஆஸ்பத்திரில எங்க ஒக்காந்தாலும் ஆயா, ஆயான்னு கூப்டுவாங்க. வூட்லயும் அதே கததான். இங்க ஒருத்தரும் கூப்டறதில்ல. புதர வெட்டிட்டா ரோட்ல போறவன்லாம் என்னப் பாப்பான். அது இருக்கட்டும்மா. நீ வந்து அவராண்ட பேசு. வெட்டாதன்னு மட்டும் சொல்லாத. அவருக்கு செவுரு மேல ஆச. அதுக்கு ஒரு வழி சொல்லு."

அடுத்த விடுமுறையில் குடையோடு போனேன். மூன்று பேரும் கணுக்கால் தண்ணீரில் நடந்து, குட்டைக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பார்த்தோம். எல்லாம் பின்பக்கத்து நிலத்திலிருந்துதான் வந்தது. அங்கே சுவர் எழுப்பினால் தண்ணீர் அந்தப் பக்கமே தேங்கும், குட்டை வறண்டுவிடும், சுவரும் ஊறிச் சாய்ந்துவிடும் என்றேன்.

அவர் பின்பக்க எல்லைவரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். "அப்ப பின்னாடி செவுரு வேஸ்ட்டு. முன்னாடி?"

"ரோட்டுப் பக்கம் முழுக்கக் கட்டுங்கண்ணா. வீடும் அந்த மேட்டுலயே வரட்டும்."

"எவ்ளோ ஒசரம் வேணா கட்லாமா?"

"உங்க சுவர். உங்க இஷ்டம்."

"கேட்டும் பெருசா வப்பேன்" என்று சிரித்தார். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மற்ற மூன்று பக்கமும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தோம். முயலும் கீரியும் போய்வரட்டும் என்று அடிக்கம்பியை ஒரு சாண் தூக்கிக் கட்டச் சொன்னேன். கம்பி கட்ட வந்தவருக்குச் சிரிப்பு.

"உள்ள இன்னா கீதுன்னு வேலி? அதுலயும் சந்து வேற?"

"என் நெலம். தூக்கிக் கட்டுப்பா" என்று அதட்டினார் அவர்.

எங்கள் குழுவின் பலகை ஒன்றை வாசலில் வைப்பது வழக்கம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க பேரு எதுக்கு மேடம் இங்க?" என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. வேறு பலகை எழுதினோம். மேலே அவருடைய அப்பா பெயர், அதன் கீழே மனைவி பெயர், பிறகு அவர் பெயர். கடைசியில் சின்ன எழுத்தில், இது பறவைகளும் விலங்குகளும் வாழும் இடம், வெட்டாதீர்கள் என்று ஒரு வரி.

எல்லாம் நான் நினைத்தபடி நடக்கவில்லை. வீட்டு வேலையில் செப்டிக் டேங்க் தோண்ட ஒரு பெரிய காரைப் புதர் போயிற்று. எனக்கு வருத்தம்தான். அவர்களுக்கு அது தேவை. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், காட்டுக்கு கேட் போட்டவன் என்று அவரைக் கிண்டல் செய்தார்கள். அந்த அம்மா சாம்பார் வாளியோடு நின்று, "காட்டுலதான் எங்க வூடு கீது, சாப்புடுங்க" என்று பரிமாறினார்.

இந்த வருடம் பின்பக்கத்து நிலம் கைமாறியது. வாங்கியவர் சென்னையில் இருக்கிறார், மண்ணடித்து மேடாக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டோம். தண்ணீர் வரும் வழி அடைபட்டால் குட்டை அவ்வளவுதான். நான் பேசிப் பார்க்கிறேன் என்று நம்பர் வாங்கிவைத்திருந்தேன். ஒரு நாள் காலை வேனில் அதை அவரிடம் சொன்னேன்.

"குடுங்க மேடம், நானே பேசுறேன்" என்று வேனை ஓரங்கட்டினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஃபோனைக் காதில் வைத்தார்.

"வணக்கம் சார். திருப்போரூர்ல உங்க பக்கத்து நெலத்துக்காரன் பேசுறேன். தண்ணி வர வழி விஷயமா உங்களாண்ட பேசணும் சார்."

பேச்சு நீண்டது. அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று வேனில் ஒருவரும் சொல்லவில்லை. ஓரமாக வாய்க்கால் அளவுக்கு இடம் விட்டு மண்ணடிப்பதாக அந்தப் பக்கம் ஒப்புக்கொண்டார்களாம். மழைக்கு முன்னால் நேரில் வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.