வராண்டாவில் பதினாலு ஜோடிச் செருப்பு

இன்று காலை பள்ளிக்கூட வராண்டாவில் செருப்புகள் மட்டும் இருந்தன. பிள்ளைகள் இல்லை.

இதை அவசர அவசரமாக டைப் செய்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் (டீச்சர்தான், இருந்தாலும்).

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். தினமும் கோவில்பட்டியிலிருந்து மினி பஸ்ஸில் போய்வருகிறேன். ஒன்று முதல் ஐந்து வரை மொத்தமே பதினாலு பிள்ளைகள். ஹெச்.எம். சாரும் நானும்தான் ஆசிரியர்கள்.

இன்று சாருக்கு ட்ரெய்னிங். நான் மட்டும்தான்.

போதாததற்கு வெள்ளிக்கிழமையே ஒரு கிறுக்குத்தனம் பண்ணி வைத்திருந்தேன். வகுப்பறைச் சாவி ஒன்று என்னிடம் இருக்கும், இன்னொன்று சமையல் அக்காவிடம். அன்றைக்கு அவசரத்தில் அவரிடம் வாங்கிப் பூட்டியவள், அதையும் என் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சரி, சீக்கிரம் போய்விடலாம் என்று முதல் மினி பஸ்ஸைப் பிடித்தேன்.

முந்தின ஊரிலேயே டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"தரைப்பாலத்துல தண்ணி ஓடுது டீச்சர். இங்கனயே எறங்கிக்கோங்க."

சமையல் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"புள்ளைக எல்லாம் சாப்பிட்டாச்சு டீச்சர். சாவிதான் இல்லையே, வராண்டாவுல உக்கார வச்சிருக்கேன். மாமியாருக்கு ஊசி போடணும், நான் வீட்டுக்குப் போறேன். காளீஸ்வரிட்ட சொல்லியிருக்கேன். சுருக்க வாங்க."

காளீஸ்வரி நாலாம் வகுப்பு. இந்த வாரம் லீடர்.

எங்கள் வகுப்பில் திங்கட்கிழமைதோறும் லீடர் மாறுவார். லீடர்தான் நோட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடவேண்டும். கடைசிப் பேர் என்னுடையது. நானும் எழுந்து "உள்ளேன் லீடர்" சொல்லவேண்டும் (நான் போட்ட ஏற்பாடுதான்).

இன்னொரு சட்டமும் உண்டு. யாராவது வரவில்லை என்றால் லீடர் ஆள் கூட்டிக்கொண்டு தேடிப் போகவேண்டும். பாதி அம்மாக்கள் விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் போய்விடுவார்கள். பிள்ளைகள் அசந்து தூங்கிப்போகும். அதற்காகப் போட்ட சட்டம்.

தரைப்பாலம் இல்லாமல் போக ஒரே வழி, மக்காச்சோளக் காட்டுக்குள் போகும் வண்டிப்பாதை. மழையில் நனைந்த கரிசலில் நடந்திருக்கிறீர்களா? பத்தடிக்கு ஒருதரம் காலில் ஒரு கிலோ ஏறும். செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன், வழுக்கினேன், மறுபடி நடந்தேன்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால்.

சத்தமே இல்லை.

பதினாலு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லை என்றாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். வராண்டாவுக்கு ஓடினேன். பூட்டிய கதவு, சுவரோரம் பைகள், வரிசையாகச் செருப்புகள். எண்ணினேன். பதினாலு ஜோடி.

வாசலில் இருந்து குட்டிக் குட்டிக் கால்தடங்கள் போயிருந்தன. கண்மாயைப் பார்த்து.

போன வாரம் வரை ஆடு மேய்ந்த கண்மாய் அது. இன்று கரையைத் தொட்டுக்கொண்டு கலங்கல் தண்ணீர் நின்றது.

அதற்கப்புறம் நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. பேர் பேராகக் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்கும் அதே கரைதான் குறுக்குவழி. அந்த நேரத்தில் அது புத்திக்கு எட்டவே இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஓடினேன். ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்தேன். இதை எழுதவே பயமாக இருக்கிறது.

கரை இறங்கியதும் பஸ் ஸ்டாப் நிழற்குடை.

அதற்குள் பதினாலு பேரும் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் வரை சேறு. காளீஸ்வரி மட்டும் நோட்டைப் பாவாடையில் மூடிவைத்துக்கொண்டு நின்றாள்.

கத்திவிட்டேன்.

"ஏட்டி, உங்கள யாரு இங்கன வரச் சொன்னா?"

ஒன்றாம் வகுப்பு மாரிச்செல்வம் அழ ஆரம்பித்தான். காளீஸ்வரி அழவில்லை. நோட்டை நீட்டினாள்.

"பேரு கூப்பிட்டேன் டீச்சர். எல்லாரும் இருக்காங்க. நீங்க மட்டும் இல்ல. மூணு தடவ கூப்பிட்டேன்."

"அதுக்கு?"

"வராதவங்கள தேடிப் போணும்னு நீங்கதான சொன்னீய. உங்க வீடு கோவில்பட்டில இருக்கு, அங்கன போவத் தெரியாது. அதான் பஸ் வார எடத்துல பாக்குதோம்."

திரும்பிக் கரையைப் பார்த்தேன்.

"கண்மாக்கரையில எப்படிட்டி வந்தீய?"

"சின்னப் புள்ளைகள நடுவுல விட்டு, கையப் புடிச்சுக்கிட்டுதான் வந்தோம். தரைப்பாலத்துல தண்ணி போகுதுன்னு ஒரு மாமா சொன்னாவ. நீங்க அதுல எறங்கிட்டீயளோன்னு..."

அப்போதுதான் அழுதாள். நானும்தான். பஸ் ஸ்டாப்பில், அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

கொஞ்சம் ஆறியதும் கை தூக்கினேன். "உள்ளேன் லீடர்."

அவள் நோட்டைப் பார்த்தாள். என் பேருக்கு நேரே ஆப்சென்ட்.

"பேனால போட்டுட்டேன் டீச்சர். அழிக்க முடியாது."

திரும்பும்போது கரை வழியாக வரவில்லை. ஊரைச் சுற்றிச் சகதியில்தான் வந்தோம். சமையல் அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். பெற்றோர்களிடம் நடந்ததை நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒரு அம்மா திட்டினார். திட்டட்டும், நியாயம்தான்.

இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மறுபடி தூறல். நாளைக்கு அந்தச் சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கண்மாய் அப்படி நிற்கிறது.

ஆனால் காளீஸ்வரியிடம் போய் என்ன சொல்வது? யாராவது வரவில்லை என்றால் இனிமேல் தேடாதே என்றா?

உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.