போஞ்சிப் பாத்தியும் பரலோக மந்திரமும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சமயப் பாடத்துக்கு மணி அடித்தால் ஒரே வகுப்பு இரண்டாகப் பிரியும். இலங்கை மலைநாட்டில், ஹேவாஹெட்டப் பக்கத்தில், தேயிலை மலைச் சரிவில் நின்ற நீண்ட மண்டபம் அது. வகுப்புக்கு வகுப்பு சுவர் கிடையாது. தோளுயரத்துக்குப் பலகைத் தட்டிதான். சைவப் பிள்ளைகள் என்னிடம் இருப்பார்கள். கடைத்தெருவிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு தட்டிக்கு அந்தப் பக்கம் மௌலவி சேரிடம் ஓடுவார்கள். இந்த நாட்டில் எந்தப் பிள்ளைக்கும் அதனதன் சமயத்தைத்தான் படிப்பிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு இந்த ஓட்டம் நல்ல வேடிக்கையாக இருந்தது.

ஒரு பிள்ளை மட்டும் இரண்டு பக்கமும் சேராமல் வெளியே போவதைச் சில நாள் கழித்துத்தான் கவனித்தேன். நாலாம் வகுப்புக்காரி. இரட்டைப் பின்னல், எப்போதும் ஒன்று அவிழ்ந்திருக்கும்.

"எங்க போறாய் பிள்ளை?" என்று மறித்தேன்.

"போஞ்சிப் பாத்திக்கு டீச்சர்."

"அங்க என்ன?"

"கொரங்கு வெரட்டணும். நான் வேதக்காரப் புள்ள டீச்சர். எனக்குச் சொல்லிக்குடுக்க ஆளு இல்ல."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அதிபர் ஆசையாகப் போட்ட போஞ்சிப் பாத்தி ஒன்று இருந்தது. காட்டிலிருந்து குரங்குகள் இறங்கினால் ஒரு காயும் தப்பாது. சமயப் பாட நேரத்தில் சும்மா இருக்கும் ஒரே பிள்ளை இவள் என்பதால், கையில் ஒரு தடியைக் கொடுத்துக் காவலுக்கு வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது உச்சந்தலைக்கே போய்விட்டது. நேரே அதிபரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சேர், மற்றப் பிள்ளையளுக்குச் சமயம், அவளுக்குக் குரங்கோ?"

அதிபர் நல்ல மனிதர், ஆனால் களைத்த மனிதர். "ஒரு புள்ளைக்காக ஒரு டீச்சர் கேட்டா கல்விக் கந்தோர்ல சிரிக்கிறாங்க டீச்சர். நானும் எழுதிப் பாத்துட்டேன். போஞ்சியாவது மிஞ்சட்டும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு எழும்பி அலுமாரியைத் திறந்து, கத்தோலிக்க சமயப் பாடப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார். அரசாங்கம் அனுப்பிய புத்தகம், ஒருவரும் விரிக்காமல் புது மணத்தோடு இருந்தது.

அந்தக் கிழமையே பிள்ளையின் தாய் என்னைத் தேடி வந்தாள். கொழுந்து நிறுக்கப் போகிற வழி. கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"டீச்சரம்மா, இந்த வருசம் இவளுக்குப் புதுநன்மை குடுக்கணும். மத்த புள்ளைங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல படிக்குதுங்க. எங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் வேல. அம்புட்டுத் தூரம் மலையேறி யாரு கூட்டிட்டுப் போறது? பாதர் கேக்குறப்போ ஜெபம் எல்லாம் சொல்லலேன்னா அடுத்த வருசம்னு சொல்லிருவாரு. வெள்ளைச் சட்ட தச்சாச்சு. இவ வளர்ற வளர்த்திக்கு அடுத்த வருசம் அது எங்க பத்தும்?"

முதன்முதலாகத் திருவிருந்து பெறும் நாளைத்தான் அவர்கள் புதுநன்மை என்கிறார்கள். அதற்கு முன்னால் பாதர் பிள்ளையைக் கூப்பிட்டு ஜெபங்களைக் கேட்பார். பரலோக மந்திரம்தான் முதலாவது. அது தெரியாவிட்டால் மற்றதைக் கேட்கவே மாட்டார்.

"நான் சொல்லிக் குடுக்கிறன். நீங்க போயிட்டு வாங்கோ" என்றேன். சொன்ன பிறகுதான், எனக்கே அதில் ஒரு வரியும் தெரியாதே என்பது உறைத்தது.

அன்றிலிருந்து அவள் சைவ வகுப்பில், என் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். சைவப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு அவளுடைய புத்தகத்தை விரிப்பேன். அவர்கள் எழுதுவார்களா? எல்லாக் காதும் எங்கள் பக்கம்தான். தவக்காலம் நாற்பது நாள் என்று நான் வாசித்த அன்றைக்கு வகுப்பே கொந்தளித்தது. "எங்க கந்தசஷ்டி ஆறு நாளுதானே டீச்சர்!" என்று ஒருவன் ஏதோ ஏமாற்றப்பட்டவனைப் போல எழும்பினான். தட்டிக்கு மேலால் ஒரு தொப்பி முளைத்து, "எங்களுக்கு முப்பது! தண்ணியும் குடிக்கேலாது!" என்றது. யாருடைய விரதம் பெரிது என்ற சண்டை இடைவேளை மணி அடித்த பிறகும் ஓயவில்லை. அந்தச் சண்டையில் என் பிள்ளைகள் மூன்று சமயத்து விரதங்களையும் தலைகீழாகப் பாடமாக்கிவிட்டார்கள். நான் உட்கார்ந்து படிப்பித்திருந்தால் அவ்வளவு ஏறியிருக்காது.

பரலோக மந்திரம்தான் ஏறவில்லை. கெட்டிக்காரி, கணக்கில் புலி. ஆனால் மூன்றாம் வரியில் போய் நின்றுவிடுவாள். வாசித்தால் வாசிப்பாள். புத்தகத்தை மூடினால் எல்லாம் பறந்துவிடும். நானும் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சமயப் படிப்பு ஒன்றே ஒன்றுதான். எதையும் பண்ணோடு பாட வேண்டும், பாடினால் மறக்காது. தேவாரம் அப்படித்தான் எனக்குள் இறங்கியது. என் வகுப்புக்கும் அப்படித்தான் இறக்கினேன். பொறுமை போன ஒரு நாள், பரலோக மந்திரத்தைக் கௌசிகப் பண்ணில் தூக்கிப் போட்டேன்.

அச்சாக உட்கார்ந்தது! ஒவ்வொரு வரியும் இழுத்து, குழைந்து, இறங்கி வந்தது. அவளும் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஓதுவார் மாதிரியே பாடினாள். எந்தச் சாமிக்குக் கோபம் வரும் என்று ஒரு கணம் யோசித்தேன். இரண்டு பக்கமிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை, ஆகவே தொடர்ந்தேன்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. தேவாரம் பாடுகிற பிள்ளை நடுவில் தடுமாறினால், மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து அடுத்த அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். சிரிக்கக் கூடாது, காத்திருக்கவும் கூடாது. அவள் தடுமாறியபோதும் அவர்கள் அப்படியே செய்தார்கள். இரண்டு மாதத்தில் வகுப்பு முழுவதற்கும் பரலோக மந்திரம் மனப்பாடம்.

ஒரு நாள் மௌலவி சேர் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "டீச்சர், பாட்டு நல்லாத்தான் ஈக்கிது. கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லுங்க. என்ட புள்ளையள் குர்ஆன் சூறா ஓதச் சொன்னா உங்கட ராகத்துல இழுக்குதுகள்" என்றார். அவர் சிரித்தபடி சொன்னதால் நான் தப்பினேன்.

பாதர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கண்டியிலிருந்து மாதமொரு முறை எங்கள் தோட்டப்பக்கம் வருகிறவர், போகிற வழியில் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளையைக் கேட்டுவிடலாம் என்று இறங்கினார். அதிபரின் அறையும் தட்டி அறைதான். சமயப் பாட நேரத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். போகும்போது அவிழ்ந்திருந்த பின்னலை நான் கட்டிவிட்டேன். அவள் குதித்துக்கொண்டு போனாள்.

"பரலோக மந்திரம் சொல்லு மகள்" என்று பாதரின் குரல் கேட்டது.

அவள் தொடங்கினாள், கௌசிகத்தில்தான். முதல் வரியின் இழுப்பிலேயே உள்ளே ஒரு கதிரை கிறீச்சிட்டது. பாதர் நிமிர்ந்திருப்பார்.

"பாட வேணாம் மகள். சும்மா சொல்லு."

அப்போதுதான் விளங்கியது. இந்த ஜெபத்தை இப்படிப் பாடுவதில்லை என்பதே எனக்குத் தெரியாது. வேதக்காரர் அதைச் சேர்ந்து சொல்வதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளோ அதைச் சும்மா சொல்லி ஒரு நாளும் முடித்ததில்லை. முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில், பழைய இடத்திலேயே, நின்றுவிட்டாள்.

வெள்ளைச் சட்டை என் கண்ணுக்குள் வந்து நின்றது, அடுத்த வருடம் முழங்காலுக்கு மேலே ஏறிப்போய். எழும்பி ஓடிப்போய், பிழை என்னுடையது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் என் வகுப்பு எழும்பிவிட்டது.

யாரும் சொல்லவில்லை. பாடுகிற பிள்ளை தடுமாறினால் அடி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதுதானே பழக்கம்! திருநீறு பூசிய நெற்றிகள் எல்லாம் கையைக் கூப்பி நின்று, மூன்றாம் வரியை மண்டபம் அதிர எடுத்துக் கொடுத்தன. நாலாவது வரியில் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்தும் இரண்டு குரல் சேர்ந்தது. மௌலவி சேர் உஸ் என்றதும் அவை அடங்கின. பிறகு உள்ளேயிருந்து அவளுடைய குரல் எழுந்து, மற்றவர்களை விலக்கிக்கொண்டு, கடைசி வரி வரை தனியாகப் போய்ச் சேர்ந்தது.

பாதர் வெளியே வந்தார். வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"இதுல யாருக்கெல்லாம் புதுநன்மை?"

எல்லாக் கையும் உயர்ந்தது. புதுநன்மைக்குக் கேக் கொடுப்பார்கள் என்று அவள்தான் சொல்லி வைத்திருந்தாள்.

பாதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தப் புள்ளைக்குத் தெரியும் டீச்சர், இவளுக்குக் குடுத்துறலாம். மத்தவங்களுக்கு என்ன பண்றதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றார்.

புதுநன்மை நாளில் நானும் அதிபரும் போயிருந்தோம். மலையேறிய மூச்சு அடங்க முன்னமே அதிபர் என் காதுக்குள், "ஒரு போஞ்சிகூட மிஞ்சல டீச்சர்" என்றார். "குரங்குகளும் சீவிக்க வேணும்தானே சேர்" என்றேன். தாய் முன் வாங்கில் இருந்தாள். வெள்ளைச் சட்டை அளவாக, அழகாக இருந்தது. பின்னலில் ஒன்று வழக்கம்போல் அவிழ்ந்திருந்தது.

பரலோக மந்திரம் வந்தது. எல்லோரும் சும்மாதான் சொன்னார்கள், தட்டையாக, வேகமாக. சொல்லி முடித்தும் விட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு சின்னக் குரல் மட்டும், யாருடைய அவசரத்தையும் கவனிக்காமல், கடைசி வரியைக் கௌசிகத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. பீடத்தில் பாதர் இரண்டு கைகளையும் விரித்தபடி, அவள் முடிக்கும்வரை காத்து நின்றார்.