பழைய சைக்கிளுக்குப் புதுச் சில்லு

பழைய சைக்கிளுக்குப் புதுச் சில்லுப் பூட்டித் தரும்படி கேட்டு வருபவர்களில் இரண்டு வகை உண்டு: அரை மணித்தியால வேலை என்று நினைப்பவர்கள் ஒரு வகை, வீட்டில் தாங்களே முயன்று பார்த்துவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் மற்ற வகை. கவுண்டருக்குப் பின்னால் நின்று, முகம் வலிக்கச் சிரித்துக் காலம் தள்ளும் அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் சுவிஸில் வில் என்ற நகரில் பிறந்தவள், கணிதத்தில் பட்டம் எடுத்தவள். முன்பின் தெரியாதவர்களோடு கதைக்கக் கூச்சம் என்று ஆசிரியர் வேலையை ஒதுக்கிவிட்டு, நாள் முழுவதும் முன்பின் தெரியாதவர்களோடு கதைக்க வேண்டிய சைக்கிள் கடையில் 2013இல் வந்து சேர்ந்தேன். முதலாளியை ஊரே குலம் அண்ணை என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் அண்ணைதான், என் அப்பாவின் வயது என்றாலும். முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம். அது முடிகிற அன்று அவர் வைத்திருக்கலாம், அனுப்பிவிடலாம்.

படுக்கைவிரிப்பில் வந்தது

மூன்றாவது மாதத் தொடக்கத்தில் கெல்லர் வந்தார். நாற்பத்திரண்டு வயது, காப்புறுதி நிறுவனத்தில் உத்தியோகம், கழுத்தில் ரை. காரின் பின்பக்கத்திலிருந்து பூப்போட்ட படுக்கைவிரிப்பில் சுற்றிய எதையோ, தூங்கும் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார். பிரித்துப் பார்த்தால், அவர் பன்னிரண்டு வயதில் ஓடிய பி.எம்.எக்ஸ் சைக்கிள். நீல பிறேம், உள்ளங்கை அளவு சீற், வெடித்துப்போன மஞ்சள் பிளாஸ்ரிக் சில்லுகள்.

மூன்று கிழமையில் நாற்பது தாண்டியவர்களுக்கு பி.எம்.எக்ஸ் போட்டி வைக்கிறார்கள், அதில் இதே சைக்கிளோடுதான் இறங்கப் போகிறேன் என்றார். இந்தக் காலத்து அலுமினியச் சில்லு வேண்டும், கம்பிகள் பலமாக இருக்க வேண்டும், ரயர் மண்ணைக் கடித்துப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் சுவிஸ் ஜெர்மனில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்றுமே மாறியிருக்கக் கூடாது."

நான்கு மில்லிமீற்றர்

அவர் போனதும் அண்ணை சைக்கிளை என் பக்கம் தள்ளிவிட்டார். "இது முழுக்க உம்மட வேலை, பிள்ளை. சைக்கிள் ஓடினால் நீர் நிக்கலாம்." விளையாட்டாகச் சொன்ன மாதிரி இருந்தது. அண்ணை விளையாட்டாகச் சொன்னதை அதுவரை நான் கேட்டதில்லை.

இந்தக் காலத்துப் பின்சில்லின் அச்சு பதினான்கு மில்லிமீற்றர் தடிப்பு. கெல்லரின் பிறேமில் அச்சு உட்காரும் வெட்டோ பத்து மில்லிமீற்றர். பிறேமை அரத்தால் ராவினால் சில்லு உள்ளே போகும். இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படம் கீறி, அளவு போட்டு, அனுமதி கேட்டு மூன்று பந்தியில் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. பத்து நிமிடத்தில் கெல்லரே வந்தார், கையில் பாதி கடித்த பாணோடு. எந்த அரம், எத்தனை நேரம், எவ்வளவு போகும் என்று கேட்டார். ராவும்போது தான் பக்கத்தில் நிற்கலாமா என்றும், முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாமா என்றும் கேட்டார். பிறகு ராவவே வேண்டாம் என்று சொல்லிப் பிறேமைத் தடவிவிட்டுப் போனார். உள்ளே வேலையாக இருந்த அண்ணை தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள நோயாளியின்ர சொந்தக்காரரை விடுறதில்லை, பிள்ளை."

போக்குவரத்துத் துறை

பத்து மில்லிமீற்றர் அச்சோடு சில்லின் நடுவில் உட்காரும் புதுக் குடம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மஞ்சள் றிம்மும் கிடைத்தது. சில்லுக்கு முப்பத்தாறு கம்பி, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போக வேண்டும். பட்டப்படிப்பு முழுவதிலும் இவ்வளவு அழகான கணக்கை நான் செய்ததில்லை. அப்படி மடியில் சில்லை வைத்துக் கம்பி கோத்துக்கொண்டிருந்தபோது, கோயிலில் அம்மாவோடு பூமாலை கட்டும் சாந்தி அன்ரி, காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தா.

அன்ரி என்னைப் பார்த்தா. என் கறுத்த விரல்களைப் பார்த்தா. அம்மா சுகமோ, படிப்பு முடிஞ்சுதோ, கலியாணம் எப்ப என்ற வழக்கமான வரிசையில் ஒரு கேள்வியும் வரவில்லை. நான் ரியூபைக் கழற்றி, ஒட்டுப் போட்டு, காற்றடித்துக் கொடுத்தேன். வாசல்வரை போனவ திரும்பி வந்து, இரகசியம்போல மெதுவாகச் சொன்னா: "போக்குவரத்துத் துறையில எண்டு அம்மா சொன்னவ. நான் ரெயினாக்கும் எண்டு நினைச்சன்."

ஒண்டேமுக்கால்

என்ன ரயர் எடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு அண்ணை உள்ளிருந்து சத்தமாகச் சொன்னார்: இருபதுக்கு ஒண்டேமுக்கால், அதாவது இருபது அங்குல விட்டம், ஒன்றே முக்கால் அங்குல அகலம். விற்பனையாளரின் இணையப் பக்கத்தில் இரண்டு இருந்தன. ஒன்றில் 1.75 என்றும் மற்றதில் 1 ¾ என்றும் போட்டிருந்தது. இரண்டையும் தமிழில் வாசித்தால் ஒன்றே முக்கால்தான். கணிதத்திலும் அப்படித்தான். பின்னம் தசமத்தைவிடக் கண்ணுக்கு அழகு என்று இரண்டாவதை அழுத்தினேன்.

புதன்கிழமை ரயர் வந்தது. நெம்புகோலே வேண்டாம், கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. என் கைப்பழக்கத்தை நானே மெச்சிக்கொண்டு காற்றடித்தேன். ரயர் ஒரு பக்கம் எழும்பியது, ரியூப் வெளியே எட்டிப் பார்த்தது, பிறகு வெடித்தது. அண்ணையின் தேத்தண்ணி அவருடைய சட்டையில் இருந்தது. அவர் தொலைபேசியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

விற்பனையாளரின் அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். இரண்டும் ஒரே எண்தானே என்றேன். தசமத்தில் எழுதினால் ஒரு அளவு, பின்னத்தில் எழுதினால் அதைவிட ஒரு சென்ரிமீற்றருக்கும் கூடிய விட்டம், யாரோ எப்போதோ செய்துவிட்டுப் போன ஏற்பாடு என்றாள். சரியான ரயர் வெள்ளி காலையில் வருமாம். அன்றுதான் என் மூன்று மாதம் முடிகிற நாள், மறுநாள் கெல்லரின் போட்டி. வைப்பதற்கு முன் அவள் ஆறுதலாகச் சொன்னாள்: "கணக்கில் நீங்கள் சரி. ஆனால் ரயர்கள் பள்ளிக்கூடம் போகவில்லையே."

மூன்று சுற்று

வெள்ளி மதியத்துக்குள் எல்லாம் பூட்டி முடித்தேன். சில்லைச் சுழற்றிவிட்டால் ஆடாமல் அசையாமல் நெடுநேரம் சுற்றியது. இரண்டு மணிக்கு வந்த கெல்லர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கண் கலங்கினார், படுக்கைவிரிப்பை விரித்தார். ஓடிப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். நாளைக்குப் போட்டிக்குப் போகவில்லை என்றார். போன வருடப் போட்டியின் காணொளியை மனைவி பார்த்துவிட்டாளாம். இனி இது வரவேற்பறைச் சுவரில் தொங்கும்.

ஓடினால் நிற்கலாம் என்று சொன்ன அண்ணை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சைக்கிளோ பூப்போட்ட விரிப்புக்குள் பாதி போய்விட்டது. நான் விரிப்பின் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். எனக்கே கேட்காத குரலில் தொடங்கி, தெருவுக்கே கேட்கும் குரலில் முடித்தேன்: இன்றோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது, இந்தச் சைக்கிள் ஓடினால்தான் எனக்கு வேலை, தயவுசெய்து ஒருமுறை ஏறுங்கள்.

கெல்லர் என்னைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். காப்புறுதிக்காரர் அல்லவா, ஆபத்து எவ்வளவு என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். ரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகினார், ஏறினார். முழங்கால் நாடியில் முட்ட, பக்கத்துப் பேக்கரிக்காரர் வெளியே வந்து பார்க்க, கார் நிறுத்தும் இடத்தை மூன்று முறை சுற்றினார். மூன்றாவது சுற்றில் முன்சில்லைக் கொஞ்சம் தூக்கக்கூடச் செய்தார். மூச்சு வாங்க இறங்கி, "என் மனைவி தொலைபேசி எடுத்தால், நான் இங்கே வரவேயில்லை" என்றார்.

கெல்லரின் கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அண்ணை வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, என் முகத்தைப் பாராமல், நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு சொல்லுக் கதைக்க மூண்டு மாசம் எடுத்தீர். பரவாயில்லை, திங்கள் எட்டு மணிக்கு வாரும்."

இன்றும் வருடத்துக்கு ஒருமுறை கெல்லர் வீட்டுக்குப் போய், சுவரில் தொங்கும் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன், போக்குவரத்துத் துறையில் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு.