கடலை வலது கைப் பக்கம் வைத்து இருபத்தொரு நாள்

புயல் மழையில் எங்கள் மலை சரிந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆட்கள் மண்ணுக்குள் போய், இந்தத் தடவை தீபம் ஏற்றுவார்களா மாட்டார்களா என்று திருவண்ணாமலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்த கார்த்திகை அது. அந்த மழையில் செங்கம் ரோட்டில் இருக்கும் என் சைக்கிள் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. வாடகைச் சைக்கிள்களைக் கழுவி எடுத்துவிட்டேன். போன் போனது போனதுதான். அதற்கு அடுத்த தை பிறந்து பத்தாம் நாள் நான் மலேசியாவுக்குப் புறப்பட்டேன். போன் போனதுக்கும் புறப்பட்டதுக்கும் தொடர்பு இருக்கிறது, சொல்கிறேன்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. எழுதப் படிக்கத் தெரியாது. நான் போனில் பேசி அனுப்ப, மகள் செல்வி எழுதுகிறாள். அவள் வீட்டுக்காரருக்கு லூமுட் பக்கம் ஒரு கடலோர ஊரில் கப்பல் பழுது பார்க்கிற வேலை. "வந்து ஒரு மாசம் இரு நைனா" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஒத்துக்கொண்டது முருகேசனுக்காக.

முருகேசனும் நானும் சேர்ந்துதான் அந்தக் கடையைப் போட்டோம். பிரதமரைச் சுட்டுக் கொன்ற வருஷம் அவன் மலேசியாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டான். அதற்கு முன்னால் ஐந்து பேர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒன்றாகக் கிரிவலம் போவோம். கண்ணப்பன், தணிகாசலம், குப்புசாமி, முருகேசன், நான். கையில் போன் வந்த பிறகு முருகேசன் பௌர்ணமி தவறாமல் கூப்பிடுவான். "கிளம்பிட்டியாடா?" என்பான். "கிளம்பிட்டேன்" என்பேன். கடைசியாக ஐப்பசியில் பேசியபோது மட்டும், "எனக்குக் கிட்னி சரியில்ல. இனிமே என்னால அங்க வர முடியாது. நீ ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போடா" என்றான்.

அவன் நம்பர் அந்தப் போனில்தான் இருந்தது. என் சிம்மும் வேறொருவர் பெயரில் வாங்கியது, அதே நம்பர் திரும்பக் கிடைக்கவில்லை. அவன் இருப்பது செல்வி இருக்கிற அதே ஊர், அது தெரியும். வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவன் எப்போதோ சொன்ன ஒரே அடையாளம். "எங்க ஊட்டுலேர்ந்து அம்மன் கோயிலுக்குப் போனா கடலு வலது கைப் பக்கமே வரும்டா, நம்ம மலை மாதிரி." செல்வி விசாரித்தாள். முருகேசன் என்று கேட்டால் அங்கே தெருவுக்கு ஒரு முருகேசன்.

திருவண்ணாமலையிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு பஸ்ஸில் நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் இன்னொரு நான்கு மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். அங்கிருந்து லூமுட்டுக்கு பஸ், முப்பத்தொரு ரிங்கிட், ஐந்து மணி நேரம். எனக்குக் கால் வீங்கிவிட்டது. முதல் இரண்டு நாள் படுத்தே கிடந்தேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை நூற்றிருபது ரிங்கிட்டுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கி வந்தார். செயின் தளர்ந்திருந்தது, பின் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. உட்கார்ந்து சரி செய்தேன். காலை ஆறரைக்குக்கூட அங்கே இருட்டாகத்தான் இருக்கிறது. ஏழரைக்கு மேல் கிளம்பி, பதினொன்றுக்குள் திரும்பிவிடுவேன். அதற்கு மேல் வெயில் ஜாஸ்தி. சாயங்காலம் பெரும்பாலும் மழை.

செல்வி முதல் நாளே சொன்னாள். "அந்தப் பக்கமும் ஒரு அம்மன் கோயில் இருக்குதாம் நைனா. மூணு கிலோமீட்டர்தான்." அந்தப் பக்கம் போனால் கடல் இடது கைக்கு வரும். நான் போகவில்லை. ஊரில் வேலை வெட்டிக்கு மலையை எந்தப் பக்கம் வைத்தும் போவேன். ஒன்றை நினைத்துக்கொண்டு கிளம்பினால் வலம்தான். முருகேசனும் வலது கை என்றுதானே சொன்னான்? அவன் சொன்னது அவன் வீட்டிலிருந்து என்பதை நான் யோசிக்கவில்லை.

அதனால் தினமும் தெற்கே போனேன். ஒன்பது கிலோமீட்டரில் ஒரு கோயில், பதினான்கில் ஒன்று. இரண்டு இடத்திலும் பூசாரிக்கு முருகேசனைத் தெரியவில்லை. ஒரு நாள் இருபத்திரண்டு கிலோமீட்டர் போய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பாதி தூரம் கடலே தெரியாது, சேற்று மரக்காடுதான். குரங்குகள் கையில் இருக்கிற பையைப் பிடுங்கும். போர்டு படிக்கத் தெரியாததால் நீலத் தண்ணீர்த் தொட்டி, உடைந்த படகு, மஞ்சள் பள்ளிக்கூடம் என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் இப்போதும் அந்த ரோடு வரிசையாக வருகிறது.

ஏழாவது கிலோமீட்டரில் ஒரு தமிழர் தேநீர்க் கடை வைத்திருந்தார். நான்கு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் கேட்டார்.

"என்னா ஐயா, தினம் இந்தப் பக்கமே வர்றீங்க? அந்தப் பக்கம் பேய் ஏதும் இருக்கா?"

"கடலு வலது கைப் பக்கம் இருக்கணும்."

"திரும்பிப் போறப்ப இடது பக்கம் ஆயிடுதே லா." அந்த ஊர்த் தமிழில் பேச்சு முடிவில் ஒரு 'லா' வரும்.

"திரும்பிப் போறது கணக்குல வராது."

அவர் சிரித்துக்கொண்டே டீயை ஆற்றினார். "கடலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா ஐயா?" நான் டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தேன். முட்டி அப்படி வலித்தது.

இப்படியே நாட்கள் போயின. இருபத்து நான்காம் நாள் செல்வி மீன் வாங்கி வரச் சொன்னாள். மீன் கடை வடக்குப் பக்கம். மீன் வாங்கப் போவது வலம் இல்லையே என்று கிளம்பினேன். கடல் இடது கைக்கு வந்தது. கால் மணி நேரத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். அதைத் தாண்டி நாலைந்து வீடு தள்ளி, ஒரு வாசலில் பழைய சைக்கிள் சாய்ந்திருந்தது. அதன் மணிக்கு அடியில் பழைய ட்யூபை வெட்டி மூன்று சுற்று சுற்றி, முனையை உள்பக்கம் செருகியிருந்தது. மணி ஆடாமல் இருக்க எங்கள் கடையில் நானும் முருகேசனும் செய்கிற வேலை அது. வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை.

வாசலில் பந்தல் காலும் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. எதற்குப் போட்ட பந்தல் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது.

ஒரு அம்மா வெளியே வந்தார். முருகேசன் மனைவி சரோஜா. படத்தில் பார்த்திருக்கிறேன்.

"யாரைப் பாக்கணும்?"

"திருவண்ணாமலைலேர்ந்து வரேம்மா. சைக்கிள் கடை."

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க உயிரோட இல்லன்னுல்ல நினைச்சோம்" என்றார். "மலை சரிஞ்சதைப் போன்ல காட்டுனாங்க. அன்னிக்கே உங்களுக்கு அடிச்சாரு. அடுத்த ரெண்டு பௌர்ணமிக்கும் அடிச்சாரு. எடுக்கலன்னதும் மண்ணுல போயிட்டான்னு முடிவு பண்ணிட்டாரு. கோயில்ல உங்களுக்கு விளக்குகூடப் போட்டாருங்க."

"எப்ப ஆச்சு?"

"இன்னியோட பதிமூணு நாளு."

நான் எண்ணிப் பார்த்தேன். நான் வந்த பன்னிரண்டாம் நாள். அன்றைக்கு நான் தெற்கே உடைந்த படகு வரைக்கும் போயிருந்தேன். அவன் இந்த வாசலில், ஒரு நாற்காலியில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தானாம். அந்த வாசலிலிருந்து கோயிலுக்குப் போனால் கடல் வலது கைக்குத்தான் வரும். செல்வி வீட்டிலிருந்து அங்கே மூன்று கிலோமீட்டர். செல்வி முதல் நாளே சொன்னது.

மீன் வாங்காமல் வீட்டுக்குப் போனேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். இந்தியர்களுக்கு இப்போது முப்பது நாள் வரை விசா வேண்டாம், ஆனால் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள், மாறலாம். பழைய சைக்கிளே போதும், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். அகலமான சீட் கேளுங்கள். இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம். நெருங்கியவர்களின் நம்பரைப் போனில் மட்டும் வைக்காதீர்கள், படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் தாளில் கொடுத்து வையுங்கள். யாரையாவது தேடிப் போனால் இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள். சாமிக்கு வலம் சரி. மனுஷனைத் தேட அது உதவாது.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் பதினாறாம் நாள் காரியம். செல்வியும் மாப்பிள்ளையும் காரில் வருகிறோம் என்றார்கள். நான் சைக்கிளில் போனேன், கடலை இடது கைக்கு வைத்து. படையல் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகு சரோஜாம்மா என்னைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"சாயங்காலம் ஆனா உக்காந்து நாலு பேரையும் பேரு சொல்லி எண்ணுவாரு. அவங்கல்லாம் போயிட்டாங்க, அஞ்சு பேர்ல மிச்சம் நான் ஒருத்தன்தான்பாரு. தப்பா எண்ணிட்டே போயிட்டாரு. நீங்களே சொல்லிடுங்க."

வெளியே தட்டு கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எண்ணினேன். கண்ணப்பன் போயிட்டான். தணிகாசலம் போயிட்டான். குப்புசாமி போயிட்டான். நீயும் போயிட்டடா முருகேசா. மிச்சம் இருக்கிறது நான், ஏழுமலை.