அரைப் பங்கு

எங்கள் ஊரில் பங்கு என்றால் கறிதான். குலசாமிக்குக் கிடா வெட்டினால் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. கல்யாணமான ஆண் ஒருவர் உள்ள வீடு ஒரு தலைக்கட்டு. மாடி வீடோ கூரை வீடோ, கூடாது குறையாது. இப்படி வளர்ந்த பிள்ளையிடம், உலக உற்பத்தியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று சோசியல் டீச்சர் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டினால் அது என்ன செய்யும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அமெரிக்காவுக்கு அகலமாக ஒரு துண்டு. அடுத்தது சீனா. நமக்கு, ஐயோ பாவம் என்று ஒரு கீற்று. இத்தனை கோடித் தலைக்கட்டு உள்ள நாட்டுக்கு இத்தனூண்டா, பங்கு வைத்தது யார் என்று எழுந்து கேட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க தலையை எண்ண மாட்டாங்கம்மா. ஒரு நாட்டு எல்லைக்குள்ள எவ்வளவு வேலை நடந்து பொருளாகுதோ, அதுதான் அந்த நாட்டுப் பங்கு."

"எங்கப்பா சவுதில கம்பி கட்டுறாருங்க டீச்சர். அது?"

"அது அவங்க கணக்குலதான் சேரும். வீட்டுக்கு அனுப்புற பணம் வேற கணக்கு."

இது என்ன அநியாயம்! வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போனில் மட்டும் முகம் காட்டுகிற என் அப்பா, யாருடைய துண்டையோ கொழுக்க வைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அம்மாவிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். அம்மா சாமிக்குப் படைக்கப் பச்சரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது கெடக்கட்டும். நேத்து ஏன் போன் வரலைன்னு தெரியலையே," என்றாள். இவள் கூப்பிட்டாலும் மணி அடித்து அடித்து நின்றுபோனது. அன்று முழுக்க போனை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாள். புருஷன் குரலைக் கேட்கிறவரை அவளுக்குச் சோறு இறங்காது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பயப்பட வேண்டும் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிடாவெட்டு. பங்கு வைப்பது எப்போதும் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பாதான். தார்ப்பாயில் தேக்கிலைகளைப் பரப்பி, எலும்பும் ஈரலும் கொழுப்பும் ஒன்றுபோல் விழும்படி கூறு வைப்பார். அவர் கையை ஒருவரும் குறை சொன்னதில்லை. புருஷன் வெளிநாட்டில் இருந்தால் பெண்டாட்டி நின்று முழுப் பங்கு வாங்கலாம். புருஷன் செத்துப்போன வீட்டுக்குக் கோயில் வரியும் பாதி, பங்கும் பாதி. அதை அரைப் பங்கு என்பார்கள். வாங்குகிறவர்கள் பேசாமல் வாங்கிப் போவார்கள்.

கிடாக்களை வெட்டி முடித்த நேரத்தில் பெரியப்பாவுக்குப் போன் வந்தது. கோயிலுக்குப் பின்னால் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றார். குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, கூறு வைக்க ஆரம்பித்தார்.

எங்கள் முறை வந்தது. அம்மா கையிலிருந்த எவர்சில்வர் பேசினை நீட்டினாள். பெரியப்பா பாதிதான் வைத்தார்.

"என்னங்க மாமா, எங்களுக்குக் கொறையுது?"

"வாங்கிக்கத்தா."

"நான் முழு வரியில்ல குடுத்திருக்கேன்?"

"சாமிக்கு முன்னாடி என்னைய எதுவும் கேக்காத," என்றார் பெரியப்பா. தலை நிமிரவே இல்லை.

சுற்றி நின்றவர்கள் எங்கள் கூறை எட்டிப் பார்த்தார்கள். எனக்கா வாய் சும்மா இருக்கும்? எல்லாருக்கும் விளங்கவைக்க முன்னால் வந்தேன்.

"பெரியப்பா சரியாத்தாம்மா வச்சிருக்காரு! அப்பா பாதி அங்கிட்டு, பாதி இங்கிட்டு. வேலை சவுதிக் கணக்கு, வீடு நம்ம கணக்கு. டீச்சர் சொன்னாங்கன்னு சொன்னேன்ல?"

யாராவது கெட்டிக்காரி என்று சொல்வார்கள் என எல்லாருடைய முகத்தையும் பார்த்தேன். பெரியப்பா கறிக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

போனில் பேசியது அப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். வியாழக்கிழமை படுத்த அப்பா எழுந்திருக்கவே இல்லையாம். சொன்னால் பங்காளி அத்தனை பேருக்கும் தீட்டு. வருஷம் முழுக்கக் காத்திருந்த படையல் பாதியில் நின்றுவிடும். பொழுது சாயும்வரை மூடி வைக்கலாம் என்றுதான் பெரியப்பா நினைத்தாராம். வாயை மூட முடிந்தது அவரால். சாமி முன்னால் பொய்ப் பங்கு வைக்கக் கை வரவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அம்மாவுக்கு அந்தத் தேக்கிலையிலேயே தெரிந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. இலையோடு கறியை அள்ளிப் பேசினில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து நடந்தாள். வழியெல்லாம் நான் நிறுத்தாமல் பேசினேன்.

"அப்பா ஊருக்கே வந்துட்டா நம்ம நாட்டுப் பங்கு கூடிரும்லம்மா?"

"கூடும்த்தா," என்றாள்.

கண்மாய்க் கரை ஏறும்போது பேசினை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கனம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"என்கிட்ட குடும்மா. அரைப் பங்குதானே, நான் தூக்கிட்டு வாரேன்," என்றேன்.